நான்கு இருக்கை மர விமானம்: எடைக் கணக்கிலிருந்து ஸ்பாரை உடைத்துப் பார்த்தது வரை

இறக்கை கீழே அமைந்த, மரத்தாலும் துணியாலும் ஆன நான்கு இருக்கை விமானம். லைக்கமிங் ஓ-360 இன்ஜின், 180 குதிரைத்திறன். அதிகபட்ச எடை 1,100 கிலோ. இறக்கை நுனிக்கு நுனி 9.2 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், பரப்பு 14.7 சதுர மீட்டர். காரைக்குடிப் பக்கம் நடக்கும் இந்த வேலையில் எடைக் கணக்கு, கேபின் மாதிரி, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார், அதன் சுமைச் சோதனை ஆகிய நான்கும் முடிந்திருக்கின்றன. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

மரம் என்றதும் பழைய காலத்து வேலை என்று நினைக்க வேண்டாம். 1972-ல் முதலில் பறந்த பிரான்சின் ராபின் டிஆர்400 மரச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்ட நான்கு இருக்கை விமானம்தான். அலுமினியத்துக்கு ரிவெட் துப்பாக்கி, தகடு மடக்கும் இயந்திரம் என்று தனிப் பட்டறையே வேண்டும். மரத்துக்கு இழைப்புளியும் உளியும் கிளாம்ப்பும் போதும். அவற்றைப் பிடிக்கத் தெரிந்த கைகள் செட்டிநாட்டில் நிறைய உண்டு. ஆனால் கதவு நிலை செய்யும் வழக்கத்தில் பாதியை இங்கே மறந்தாக வேண்டும். அது கீழே வரும்.

எடை

நான்கு இருக்கை விமானத்தில் முதலில் அடி வாங்குவது எடைக் கணக்குதான். இரண்டு இருக்கை விமானத்தில் ஆட்கள் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே உட்காருவார்கள். இங்கே பின் இருக்கை ஏறக்குறைய ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு பேர் ஏறி இறங்கினாலே ஈர்ப்பு மையம் நகர்ந்துவிடும்.

காலி எடைக்கு நாங்கள் வைத்த பட்ஜெட்: இன்ஜினும் புரொப்பெல்லரும் தாங்கியும் 185 கிலோ, இறக்கை 150, உடற்பகுதி 105, வால் 24, சக்கரங்கள் 56, கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மின்சாரமும் கருவிகளும் 40, இருக்கைகளும் கண்ணாடியும் 38, பெயின்ட் 12. மொத்தம் 610. பெயின்ட்டை யாரும் எடையாக நினைப்பதில்லை. பளபளப்புக்காக இன்னும் இரண்டு கோட் அடித்தால் ஒரு பயணியின் பெட்டி போய்விடும்.

தலைக்கு 80 கிலோ வீதம் நான்கு பேருக்கு 320. பெட்டிகள் 40. பெட்ரோல் 160 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 115. காலி எடையோடு கூட்டினால் 1,085. மிச்சம் 15 கிலோ. ஆகவே பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் முதலில் தராசில் ஏறி, நோட்டில் எழுதப்பட்ட பிறகுதான் உள்ளே போகும்.

ஈர்ப்பு மையத்துக்கு அளவு எடுப்பது இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டிலிருந்து. இறக்கையின் முன்விளிம்பு அதிலிருந்து 0.64 மீட்டர் பின்னால். முன் இருக்கை 1.05, பின் இருக்கை 1.95, பெட்டி வைக்கும் இடம் 2.50. இறக்கை அகலத்தில் 18 முதல் 33 சதவீதத்துக்குள் மையம் நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்த எல்லை.

முதல் வரைபடத்தில் பெட்ரோல் தொட்டி பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. குழாய் வேலை சுலபம், இறக்கைக்குள் கசிவுத் தொல்லை இல்லை என்பதால் அப்படி வைத்தோம். நான்கு பேரும் முழுத் தொட்டியும் என்று கணக்கிட்டால் மையம் 39 சதவீதத்துக்குப் போனது. அந்த நிலையில் மூக்கு தானாக மேலே ஏறும். வேகம் குறைந்து சுழலில் விழுந்தால் மீட்பது கடினம். வாலைப் பெரிதாக்கினால் எல்லையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் வாலின் எடையும் பின்னாலேயே சேரும். தொட்டியை இரண்டாகப் பிரித்து இறக்கையின் முன்விளிம்புக்குள், ஸ்பாருக்கு முன்னால் வைத்ததும் அதே சுமைக்கு மையம் 32.4 சதவீதத்தில் நின்றது. 60 கிலோ ஆள் ஒருவர் மட்டும் முழுத் தொட்டியோடு பறந்தால் 18.9. இரண்டு எல்லைக்குள்ளும் அடங்கியது.

கோடைக் கணக்கையும் இங்கேயே போட வேண்டும். 38 டிகிரி வெயிலில் நம் ஊர்க் காற்று, சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த காற்றைப் போல மெலிந்துவிடும். முழு எடையில், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப்பை இறக்கிய நிலையில், கணக்குப்படி விமானம் தாங்காமல் விழத் தொடங்கும் வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். கோடையில் அதே விமானம் உண்மையில் 97 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நிலைக்கு வந்துவிடும். வேகமானி அந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஓடுதளத்தின் நீளம்தான் காட்டும்.

கேபின் மாதிரி

6 மி.மீ. பிளைவுட், சவுக்குக் கட்டை, ஆணி. இரண்டு நாள் வேலை. உள் அகலம் 1.10 மீட்டர். இதைச் செய்யாமல் வரைபடத்தை நம்பக் கூடாது. மாதிரி காட்டிய குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. கீழ் இறக்கை விமானத்தில் இறக்கைமேல் மிதித்துத்தான் ஏற வேண்டும். தரையிலிருந்து முதல் படி 55 செ.மீ. என்று வரைந்திருந்தோம். சேலை கட்டியவர்கள் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது. வேட்டி கட்டியவர்களும் மடித்துக் கட்டினால்தான் முடியும். 38 செ.மீ.-ல் ஒரு மடக்குப் படி சேர்த்தோம். எடை 1.1 கிலோ. அந்த 15 கிலோ மிச்சத்தில் இது நியாயமான செலவு.

மரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளின் தூணும் உத்தரமும் பர்மா தேக்கில் கிடைக்கும். நூறு வருஷம் காய்ந்த மரம், முடிச்சு இல்லாத நேர் இழை. பார்த்தவுடன் ஸ்பாருக்கு இதுதான் என்று தோன்றும். கூடாது. தேக்கின் எடை கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ, மர விமானங்களுக்கு வழக்கமான ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸ் 420. அதைவிட முக்கியம், தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. எபாக்ஸிப் பசை அதில் ஒட்டிய மாதிரி இருக்கும், சுமை வந்தால் தோல் உரிவது போல் உரியும். அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டினால் நாற்காலிக்குச் சரி, இறக்கைக்கு அந்த நம்பிக்கை போதாது.

ஆகவே ஸ்பாரின் மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் விமானத் தர ஸ்ப்ரூஸ். ஒவ்வொரு பலகையிலும் பார்க்க வேண்டியவை: இழை சாய்வு 15-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, அங்குலத்துக்கு ஆறு ஆண்டு வளையமாவது இருக்க வேண்டும், ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இழை சாய்வைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாற்றும். பேனா மையில் ஒரு சொட்டு வைத்தால் இழையின் வழியே கோடாக ஓடும்; அந்தக் கோட்டையும் பலகையின் விளிம்பையும் ஒப்பிட்டால் சாய்வு தெரிந்துவிடும். ஈரமானி மழைக் காலத்தில், கார்த்திகை வாக்கில், 13 காட்டியது. பங்குனியில் அதே பலகை 9. ஒட்டும் வேலை முழுவதையும் மாசிக்குப் பிறகு வைத்துக்கொண்டது அதனால்தான்.

பலகை எண், ஈரம், ஒட்டிய தேதி, வெப்பநிலை, பசையின் தொகுதி எண் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பின்னால் ஆய்வுக்கு வருபவர் ஸ்பாரைப் பிளந்து பார்க்க முடியாது, நோட்டைத்தான் பார்ப்பார்.

ஸ்பார்

பிரான்சின் ஜோடெல், ராபின் மர விமானங்களைப் போல நுனிக்கு நுனி ஒரே துண்டாகச் செய்தோம். இரண்டு பாதியாகச் செய்து நடுவில் இரும்புத் தகடும் போல்ட்டும் போட்டால் கழற்றி எடுத்துப் போக வசதி. ஆனால் மரம் சுருங்கும்போது போல்ட் தளரும். கோடைக்கும் மழைக்கும் ஈரம் இவ்வளவு மாறும் ஊரில் அந்த இணைப்பை வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே துண்டு முன் இருக்கைக்கு அடியில் உடற்பகுதியைக் குறுக்கே கடந்து போகிறது.

9.2 மீட்டர் நீளத்துக்கு நேரான, நிழலான, காற்று அடிக்காத இடம் வேண்டும். பழைய நகரத்தார் வீடுதான் அதற்குச் சரியான பட்டறை. முகப்பு வாசலிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. வாசலில் நின்றால் பின் தெரு தெரியும். அந்தக் கோட்டில் நூல் கட்டி மேசையைப் போட்டோம். தரையின் ஆத்தங்குடிக் கல்லை மட்டம் என்று நம்பாமல் டியூப் மட்டத்தால் பார்த்தபோது இரு முனைக்கும் 19 மி.மீ. வித்தியாசம்: மழைத் தண்ணீர் ஓடக் கொடுத்த வாட்டம். மேசைக்கால்களில் சக்கை வைத்து 1 மி.மீ.-க்குள் கொண்டுவந்தோம். மேசை வளைந்தால் அந்த வளைவு அப்படியே ஸ்பாரில் உறைந்துவிடும், பிறகு எடுக்க முடியாது.

ஸ்பாரின் உயரம் நடுவில் 230 மி.மீ. மேல் கட்டை 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. பலகை நான்கு அடுக்கு, ஆக 48 மி.மீ. கீழ்க் கட்டை மூன்று அடுக்கு, 36 மி.மீ. பறக்கும்போது மேல் கட்டை நசுங்கும், கீழ்க் கட்டை இழுபடும். ஸ்ப்ரூஸ் நசுங்கலுக்கு இழுப்பைவிட பலவீனம், அதனால்தான் மேலே ஓர் அடுக்கு கூடுதல். இரு பக்கமும் பிர்ச் மரப் பிளைவுட் மூடி: உடற்பகுதி அருகே 4 மி.மீ., வெளியே 2.5 மி.மீ. பிளைவுட்டின் இழை 45 டிகிரியில் ஓட வேண்டும். நேராக வெட்டினால் சேதாரம் குறையும் என்று ஆசை வரும். 45-ல் வெட்டிய பலகை வெட்டு விசையை அதைவிட நன்றாகத் தாங்குகிறது, சேதாரத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

9.2 மீட்டருக்குப் பலகை ஒரே நீளத்தில் கிடைக்காது. முனைகளைச் சாய்வாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவது ஸ்கார்ஃப் இணைப்பு. சாய்வு 12-க்கு 1, அதாவது 12 மி.மீ. பலகைக்கு 144 மி.மீ. நீளச் சாய்வு. வீட்டு வேலைப் பழக்கம் இங்கேதான் குறுக்கே வரும். உத்தரத்தில் இணைப்புக்கு நாக்கும் துளையும் வெட்டி ஆப்பு அடிப்பது வழக்கம். இங்கே ஆணியும் ஆப்பும் கூடாது, எந்த வெட்டும் மரத்தின் இழையை அறுக்கிறது. அடுக்குகளின் இணைப்புகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வராமல் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

பசையும் வெயிலும்

எங்கள் எபாக்ஸி 25 டிகிரியில் 45 நிமிடம் கிண்ணத்தில் தாங்கும். பத்து டிகிரி கூடினால் அந்த நேரம் பாதியாகும். மதியம் 36 டிகிரியில் இருபது நிமிடம்தான் நிற்கும். கிண்ணத்தில் மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு வெளியேறி நேரம் கிடைக்கும். வேலை விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிய வேண்டும். ஒரு காலைக்கு ஓர் அடுக்கு மட்டும்: 1.4 சதுர மீட்டர், சுமார் 480 கிராம் பசை, மூன்று கிண்ணமாகப் பிரித்து, மூன்று பேர்.

எபாக்ஸியோடு அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலக்கும் அளவு எடையால்தான், கண் அளவால் அல்ல. ஹார்டனர் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் தவறு. கூடுதல் ஹார்டனர் இறுகாமல் உள்ளேயே ரப்பராக நிற்கும்.

கிளாம்ப் 10 செ.மீ.-க்கு ஒன்று. எபாக்ஸிக்கு அழுத்தம் அதிகம் வேண்டாம். விளிம்பு முழுவதும் சிறு மணிகளாகப் பசை பிதுங்கினால் போதும். முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து நடுவில் வறண்ட இணைப்பு நிற்கும். ஈரக் காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற வழவழப்புப் படியும். அடுத்த அடுக்குக்கு முன் அதைத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, காயவைத்து, 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகை மரத்துக்குள் தேய்த்துவிடுவோம்.

ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி எண் போட்டு வைப்போம். ஒன்றை ஒரு வாரம் கழித்து உளியால் பிளப்போம். உடைவில் இரு பக்கமும் மர நார் தெரிய வேண்டும். பசை பளபளவென்று தெரிந்தால் அந்தக் கிண்ணம் தொட்ட வேலை அத்தனையும் சந்தேகத்துக்குரியது. இன்னொன்றை 60 டிகிரி சூட்டில் வைத்துவிட்டுப் பிளப்போம். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி பலவும் ஐம்பது, அறுபது டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் விமானத்தின் அடர் நிற இறக்கை அதைத் தாண்டிவிடும். இந்த விமானத்துக்கு வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது.

சுமைச் சோதனை

சாதாரண வகை விமானம் தன் எடையைப் போல 3.8 மடங்கைச் சேதமின்றித் தாங்க வேண்டும். அதற்கு மேல் 1.5 மடங்கு, ஆக 5.7, உடையாமல் மூன்று விநாடியாவது நிற்க வேண்டும்.

1,100 கிலோவுக்கு 3.8 மடங்கு என்றால் ஒரு பக்க இறக்கைக்கு 2,090. வால் கீழே அழுத்துவதை ஈடுகட்ட இறக்கை கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதற்கு 5 சதவீதம் சேர்த்து 2,195. இறக்கையின் சொந்த எடை எதிர்த் திசையில் உதவுவதால் 285 கழித்து 1,910. தொட்டியில் பெட்ரோல் இருந்தால் இன்னும் உதவும், ஆனால் தொட்டி காலி என்றே வைத்துக்கொண்டோம். உடற்பகுதிக்குள் விழும் பங்கை விட்டுவிட்டால் வெளி இறக்கைக்கு 1,635 கிலோ. தூக்கு விசை நுனியை நோக்கிக் குறைவதால் அதைச் சமமாகப் பரப்பக் கூடாது. உடற்பகுதிச் சுவரிலிருந்து 57.5 செ.மீ. வீதம் ஏழு பிரிவு: 272, 267, 258, 245, 228, 203, 162 கிலோ. இந்தச் சுமையில் சுவரருகே வளைவு விசை 3,010 கிலோகிராம்-மீட்டர்.

ஸ்பாரைத் தலைகீழாக வைத்தோம். காற்று மேலே தள்ளுவதை மணல் கீழே இழுத்துச் செய்துகாட்டும். உடற்பகுதிச் சுவர் வரும் இரண்டு இடத்திலும் இரும்புத் தாங்கி, அதன்மேல் 150 மி.மீ. அகலத் தேக்குக் கட்டை. பர்மா தேக்குக்கு இங்கேதான் இடம். ஸ்பார் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில். மூட்டைகளை ஸ்பார்மேல் அடுக்கினால் சரியும்; ஒவ்வொரு பிரிவிலும் லாரி பெல்ட்டில் தட்டு தொங்கவிட்டு அதில் வைத்தோம். தட்டுக்கும் தரைக்கும் 40 செ.மீ. மட்டும், உடைந்தால் விழும் தூரம் அவ்வளவுதான். நுனி பக்கவாட்டில் புரளாமல் இருபுறமும் வழிகாட்டிக் கட்டைகள்.

எம் சாண்டை வெயிலில் காயவைத்து, 25 கிலோ அரிசிச் சிப்பப் பைகளில் 20 கிலோ அளந்து தைத்தோம். கூடவே 10, 5 கிலோ பைகள். ஈர மணலாக இருந்தால் ஒவ்வொரு பையும் ஒரு கிலோ வரை பொய் சொல்லும். ஸ்பாரின் எடையையும் தட்டுகளின் எடையையும் கழித்துத்தான் பை கணக்கு. ஏற்றுவது சுவரிலிருந்து நுனி நோக்கி, இறக்குவது நுனியிலிருந்து சுவர் நோக்கி; இடமும் வலமும் ஒரே நேரத்தில், ஒருவர் சத்தமாக எண்ண. பக்கத்துக்கு 1,635 கிலோவை 100 என்று வைத்து, 20, 40, 60, 80, 90, 100 சதவீதம் என்று நிறுத்தி நுனி இறங்கியதை அளந்தோம்.

முதல் ஸ்பார் 118 சதவீதத்தில், பக்கத்துக்கு 1,930 கிலோவில், உடைந்தது. 90-லிருந்தே மெல்லிய டிக் டிக் சத்தம். உடைந்த இடம் இடப் பக்கம், சுவரிலிருந்து 1.3 மீட்டர், கீழ்க் கட்டையின் வெளி அடுக்கில் இருந்த ஸ்கார்ஃப். பிளவைத் திறந்து பார்த்தால் காரணம் எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. 144 மி.மீ. சாய்வில் முதல் 50 மி.மீ. வரை மர நார் பிய்ந்திருந்தது, அது நல்ல ஒட்டு. மீதி முழுவதும் மங்கிய, வெறும் மரம். விரல் நகத்தால் சுரண்டினால் பசையே இல்லை. சாய்வு வெட்டில் மரத்தின் குழாய் முனைகள் திறந்திருக்கும், ஸ்ட்ரா போல அவை பசையை உள்ளே உறிஞ்சிவிடும். ஒரே கோட் போட்டு உடனே கிளாம்ப் போட்டதால் இணைப்பு வறண்டுவிட்டது. எங்கள் சோதனைத் துண்டுகள் எல்லாம் பக்க இழையில் ஒட்டியவை, அதனால் அவை இந்தக் குறையைக் காட்டவே இல்லை.

இரண்டாவது ஸ்பாரில் சாய்வு முகங்களுக்கு முதலில் தண்ணிப் பதமான எபாக்ஸி. பத்து நிமிடம் விட்டு, உறிஞ்சிய இடத்தில் மறுபடி தடவி, பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய பசை. தேய்ந்த உப்புத்தாளை விட்டுவிட்டுக் கூரான இழைப்புளியால் முகத்தை முடித்தோம். தேய்ந்த தாள் துளைகளைத் தூளால் அடைத்துவிடுகிறது. சோதனைத் துண்டுகளிலும் பாதியைச் சாய்வு இணைப்பாகவே செய்தோம்.

100 சதவீதத்தில் நுனி இடப் பக்கம் 168, வலப் பக்கம் 171 மி.மீ. இறங்கியது, கணக்கு 160. இறக்கிய உடனே 2 மி.மீ. திரும்பாமல் நின்றது, மறுநாள் காலை அதுவும் போனது. மரம் சுமையில் மெதுவாக இளகும், மெதுவாகத்தான் திரும்பும். அதனால் நிரந்தர வளைவை உடனே அளந்து முடிவு செய்யக் கூடாது. பிறகு 150 சதவீதம்: பக்கத்துக்கு 2,452, இரு பக்கமும் 4,905 கிலோ. நுனி 265 மி.மீ. கீழே. மூன்று விநாடிக்குப் பதில் ஐந்து நிமிடம் நின்றது. அந்த ஐந்து நிமிடத்தில் நுனி மேலும் 4 மி.மீ. இறங்கியது.

இந்தச் சுமை கண்ட ஸ்பாரை விமானத்தில் போடக் கூடாது. 30 செ.மீ.-க்கு ஒரு துண்டாக ரம்பத்தால் அறுத்து, ஒவ்வொரு முகத்தையும் இழைத்து, நனைத்துப் பார்த்தோம். மேல் கட்டையின் இரண்டாவது பசைக் கோட்டில், வலப் பக்கம் 2.4 மீட்டரில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காற்றுப் பொந்து. நோட்டைப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு கிளாம்ப்புக்கு இடையே 17 செ.மீ. இருந்திருக்கிறது. பறக்கப்போகும் மூன்றாவது ஸ்பாருக்கு மேசையின் விளிம்பிலேயே 10 செ.மீ.-க்கு ஒரு கோடு கிழித்து எண் போட்டாயிற்று. 92 கோடு, ஒவ்வொன்றிலும் ஒரு கிளாம்ப்.